அவளே சொல்லட்டும்

1

தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தால் முதலில் வருவது இரைச்சல். கடுகு போடுவதற்கு முன்னால் வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரி ஓர் இரைச்சல். அதற்குள் காசு விழும் சத்தம். அப்புறம் மூச்சு. அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தில்தான் என் மகள் நின்றுகொண்டிருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, மேல்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த சரசு சீனி கேட்டு வந்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்தாள்.

"யாருக்கா?"

உதட்டில் விரல் வைத்தேன்.

"பேசலியா? எவனோ விளையாடுறான்லா. வெச்சிடுங்க. எங்க வீட்டுக்கும் இப்படித்தான் வரும்."

நான் வைக்கவில்லை. சரசு கிண்ணத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். இன்னொரு காசு விழுந்தது. பிறகு இரைச்சலை விலக்கிக்கொண்டு, "அ... அ... அம்மா" என்று வந்தது. என் மகள் தமயந்தி. கிளந்தானில் ஒரு சின்ன ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கும் தாதி. அவள் அந்த ஊருக்குப் போய் அன்றோடு ஒரு வருஷம்.

ஊரிலிருந்து கடிதம் எழுதும் சொந்தங்கள் எல்லோரும் கடைசி வரியில் அதைக் கேட்காமல் விடுவதில்லை: தமயந்திக்குச் சரியாகிவிட்டதா? சரியாகவில்லை. இனி ஆகப்போவதாகவும் தெரியவில்லை. அவள் திக்குகிறாள், வேலைக்குப் போகிறாள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுத நான் பழகிவிட்டேன். நீங்களும் படித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

2

நான் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தவள். என் கணவர் மாணிக்கம் பினாங்கிலேயே பிறந்தவர். பெண் தேடி எங்கள் ஊருக்கு வந்தார்; கட்டிக்கொண்டு கூட்டிவந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டினில் ஒரு பட்டறையில் சாமான் கிடங்கு பார்க்கிறார். தினமும் காலையில் பெரி என்கிற பயணிகள் படகில் ஏறிப் போய் மாலையில் பெரியேறி வருவார். நாங்கள் இருவருமே சளசளவென்று பேசுகிறவர்கள். எங்களுக்குப் பிறந்ததோ இந்தப் பெண்.

பேச்சு அவளுக்கு நேரத்துக்கு வந்துவிட்டது. வரும்போதே கதவில் முட்டிக்கொண்டு வந்தது. க, ப, த என்று தொடங்கினால் தாடை இறுகும், கண் இமை படபடக்கும், கழுத்து நரம்பு எழும். நான் ஆசையாக வைத்த பெயரோ தமயந்தி. பெயரின் வாசலிலேயே பூட்டு. தமிழிலும் திக்கும், மலாயிலும் திக்கும், இங்கிலீஷிலும் திக்கும். அதில் பாரபட்சமே கிடையாது. பள்ளிக்கூடத்தில் மலாய்ப் பிள்ளைகள் பெயரைச் சுருக்கி 'யந்தி' என்றார்கள். அது வழுக்கிக்கொண்டு வரும். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

வசம்பு சுட்டு நாக்கில் தேய்த்தோம். நாக்குக்கு அடியில் கூழாங்கல் வைத்தோம். தண்ணீர்மலை முருகனுக்கு வெள்ளியில் சின்ன நாக்கு செய்து போட்டோம். "பாடச் சொல்லுங்க, பாட்டுல திக்காது" என்றார்கள். உண்மைதான், திக்கவில்லை. ஆனால் என் மகளுக்குச் சுருதி என்பது மருந்துக்கும் கிடையாது. அவள் பாடிக் கேட்பதைவிட எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கலாம். அதுவும் போக, பாசாரில் போய் ராகம் இழுத்தா மீன் வாங்குவது?

பெரிய ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஓர் அம்மாள்தான் உருப்படியாக ஒன்று சொன்னார். அவளுக்கு மூச்சை எப்படி விடுவதென்று காட்டிக்கொடுத்தார். எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை: அவள் தொடங்கிய சொல்லை நீங்கள் முடிக்காதீர்கள். கேட்பதற்கு எவ்வளவு எளிது. செய்து பாருங்கள். ஒரு பிள்ளை உங்கள் முன்னால் 'ப' என்ற எழுத்தில் மூழ்கிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சொல் உங்கள் வாயில் தயாராக இருக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்று பாருங்கள்.

இதில் பெரிய வேடிக்கை, வெளியில் பலருக்கு அவள் திக்குவதே தெரியாது. நம்மவர்களின் வழக்கம் தெரியுமே. வீட்டுக்கு வந்தவர் வயசுப் பெண்ணைப் பார்த்து ஏதாவது கேட்டால் பெண் தலை குனிய வேண்டும், அம்மாவோ அத்தையோ பதில் சொல்ல வேண்டும். "என்ன படிக்கிறேம்மா?" "நாலாவது படிவம்." "பேரு?" "தமயந்தி." கேட்டது அவளை, சொன்னது நாங்கள். கல்யாண வீடுகளிலும் கோவிலிலும் அவளை எல்லோரும் மெச்சினார்கள். எவ்வளவு அடக்கம். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பெண்ணா. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். பக்கத்தில் நின்று அவள் கைவிரல்களைப் பார்த்தவள் நான். தாவணி நுனியைக் கயிறாக முறுக்கிக்கொண்டிருப்பாள். சொல்ல நினைத்த பதில் முழுவதும் அந்தக் கயிற்றில் இருக்கும்.

அவள் ஐந்தாவது படிவம் படிக்கும்போது ஒருநாள் மழையில் பஸ் வரவில்லை. காசுப் போனிலிருந்து வீட்டைக் கூப்பிட்டாள். அன்று வீட்டில் இருந்தது என் கணவரின் அக்கா கமலா. போனை எடுத்து, "ஹலோ, யாரு? யாரு?" என்றார். பதில் இல்லை. வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. "பொறுக்கிப் பயலே" என்று சொல்லிவிட்டு வைத்தார். காசு தீர்ந்ததும் தமயந்தி நடந்தே வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட வாசலில் நின்ற பெண்ணைப் பார்த்து, "ஒரு போன் போட்டா என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று கேட்டவரும் அதே கமலா அக்காதான்.

3

எங்கள் வீட்டில் திக்கியவர்களில் இவள் முதல் ஆளில்லை. நாகப்பட்டினத்தில் என் சித்தப்பா ஒருவர் இருந்தார், ராஜாமணி. அவருக்கு பஸ் கண்டக்டர் ஆக ஆசை. நல்ல உயரம், கணக்கில் சூரர், முகமும் களையான முகம். கொல்லைக் கிணற்றடியில் நின்றுகொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவிப் பழகுவார். வேளாங்கண்ணி வழுக்கிக்கொண்டு வரும். திருவாரூரில் நின்றுவிடும். 'தி' என்ற எழுத்தில் நின்று, நின்று, காக்கையெல்லாம் மதிலை விட்டுப் பறந்துபோன பிறகு, "திருவாரூர்" என்று முழுசாக வரும். ஒரு தடவைகூட அவர் பாதியில் விட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அதுவரை நின்று கேட்டவள் சமையலறை ஜன்னலில் இருந்த நான் மட்டும். மற்றவர்களெல்லாம் 'தி'யிலேயே சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அவருக்கு வேலை பார்த்துக்கொடுத்தார்கள். எல்லோரும் கூடிப் பேசி, அன்போடு, அக்கறையோடு. ஐஸ் பாக்டரியில். "இன்ஜின் சத்தத்துல எவன் பேசறதும் எவனுக்கும் கேக்காது. நம்ம ராஜாமணிக்கு ஏத்த இடம்" என்றார் என் அப்பா. ஏற்ற இடம்தான். தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்தார். வீட்டுக்கு வந்தாலும் இன்ஜின் சத்தத்துக்குள் இருப்பவரைப்போலவே உட்கார்ந்திருப்பார். ஏதாவது கேட்டால் தலையை அசைப்பார். ஊர்ப் பெயர்கள் என்ன ஆயினவோ. அவருடைய வாழ்க்கையை வீணாக்கிவிட்டதாக எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் நினைக்கவில்லை. நான் நினைக்கிறேன். எழுதியும் வைக்கிறேன்.

4

ஐந்தாவது படிவம் முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். வேலைக்கும் மேல்படிப்புக்கும் வழி சொல்லும் ஆசிரியை, மலாய்க்காரப் பெண்மணி, நல்ல மனுஷி. என் மலாய் பாசார் மலாய். மீனுக்கு விலை பேசப் போதும், மகளின் எதிர்காலத்தைப் பேசப் போதாது. எடுத்த வாக்கியம் எதையும் நான் முடிக்கவில்லை. அந்த அறையில் நானும் திக்கினேன். என்னை ஊமை என்று யாரும் முடிவுகட்டவில்லை, தேநீர் கொடுத்தார்கள்.

ஆசிரியை சொன்னதன் சாரம் இது: இவள் கெட்டிக்காரி, ஆனால் பேச்சு தேவைப்படாத வேலையாகப் பாருங்கள். தையல். எலெக்ட்ரானிக் பாக்டரி. தமயந்தி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டுவிட்டு அவள் படும் பாட்டைப் பார்க்கும் தைரியம் அந்த நல்ல மனுஷிக்கு இல்லை.

வெளியே வந்ததும் என் கணவர் முகம் மலர்ந்து சொன்னார். "நான் ஏற்கனவே கேட்டு வெச்சிருக்கேன். எங்க பட்டறைக்குப் பக்கத்துல பேக்கிங் செக்‌ஷன். மெஷின் சத்தத்துல யார் பேசறதும் யாருக்கும் கேக்காது. தமாவுக்கு நிம்மதிலா."

நடுத்தெருவில் எனக்கு ஐஸ் பாக்டரியின் வாடை அடித்தது. அந்த அம்மோனியா வாடை, பினாங்கு வெயிலில்.

"வேணாம்" என்றேன்.

"ஏன், எங்க அக்கா மாப்ள கொண்டு வந்திருக்காங்களே, அதுக்கா கொடுக்கப் போறே?"

கமலா அக்கா ஈப்போவிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் கோவிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள், அடக்கம் பிடித்துவிட்டதாம். "எதிர்த்துப் பேசாத மருமவ கிடைக்க அவங்க கொடுத்து வெச்சிருக்கணும்" என்றார் அக்கா. அவள் எதிர்த்துப் பேசுகிறாள் அக்கா, உங்களுக்குத்தான் கேட்கவில்லை என்று நான் சொன்னதில் அவர் சில வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வீடு அமைதியாகத்தான் இருந்தது.

"அதுவும் வேணாம்" என்றேன்.

"அப்ப எதுதான் வேணும்?"

எனக்குத் தெரியவில்லை. வேண்டாததெல்லாம் தெரிந்தது, வேண்டியது தெரியவில்லை. மூன்று பேரும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைவரை நடந்துவிட்டோம். பசி. நாசி கண்டார் சோற்றுக் கடைக்குள் நுழைந்தோம்.

அங்கே வரிசையில் நிற்க வேண்டும். கறிச் சட்டிகளுக்குப் பின்னால் காதர் அண்ணன் கரண்டியோடு நிற்பார். தட்டில் சோறு விழும், நீங்கள் சொல்வதற்குள் குழம்பு விழும். யோசிக்கிறவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. சின்ன வயசிலிருந்து தமயந்தி 'க' என்று தொடங்குவாள், அவர், "கோழியா? தெரியும்லா" என்று கோழியைப் போட்டுவிடுவார். அன்பானவர், பெரிய துண்டாகப் பார்த்துத்தான் போடுவார். அவள் தலையாட்டி வாங்கிக்கொள்வாள்.

அன்றும் தொடங்கினாள். "க... க..."

"கோழி" என்றார் காதர் அண்ணன். கரண்டி எழுந்தது.

தமயந்தி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். கோழித் துண்டு அந்தரத்தில் நின்றது. "க..."

"கறியா? ஆட்டுக் கறி?"

தலையை இல்லை என்று ஆட்டினாள்.

"கத்திரிக்காயா?" இது எங்களுக்குப் பின்னால் நின்ற ஒருவர்.

"ஏலம் விடுறாங்களா அங்க?" என்று வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். என் கணவர் என்னைப் பார்த்தார். சொல் என்று கண்ணால் கெஞ்சினார். எனக்கும் தெரியாது என்பதை அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். பெற்றவளுக்கே தெரியவில்லை, அவளுக்கு எது பிடிக்கும் என்று. வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"க... கண... கணவாய்."

காதர் அண்ணன் கோழியைச் சட்டியில் போட்டுவிட்டு, "இத்தன வருஷமா கோழி பிடிக்காதா உனக்கு?" என்றார்.

"பி... பிடிக்காது."

"அப்ப ஏன்மா தின்னே?"

"நீ... நீங்க போட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. கணவாய் மீனை அள்ளி வைத்து, அந்தத் தட்டுக்குக் காசு வேண்டாம் என்றார். அவள் காசை வைத்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

மேசையில் உட்கார்ந்து அந்தக் கணவாயை ருசித்துத் தின்றுமுடித்த பிறகு தமயந்தி தானாகப் பேசினாள். எங்கள் டீ ஆறிப்போகும் அளவு நேரம் எடுத்தது. சின்னப் பள்ளியில் படித்தபோது பல் பார்க்க ஒரு தாதி வருவாராம். வாயில் கருவியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாராம். அப்போது எல்லாப் பிள்ளைகளும் 'ஆ, ஊ' என்றுதான் சொல்லுமாம். தாதி அவசரப்படாமல் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொள்வாராம். அந்த நாற்காலியில் மட்டும்தான் தானும் மற்றவர்களும் ஒரே மாதிரி இருந்ததாக அவளுக்குத் தோன்றியதாம். "நான் அ... அந்த வேலைக்குப் போறேன்."

"அது பிள்ளைங்களோட பேசற வேலைம்மா" என்றார் அவள் அப்பா, மெதுவாக.

"தெ... தெரியும்ப்பா. அதுக்குத்தான்."

5

பல் தாதிப் பயிற்சிக்கான நேர்முகத்துக்குக் கெப்பாலா பத்தாஸில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே யோசனை சொன்னார்கள்: பேர் கேட்டால் யந்தி என்று சொல்லிவிடு, முதல் பந்திலேயே அவுட் ஆக வேண்டாம். அவளுடைய தோழிகளும் அதையே சொன்னார்கள். தன் காரில் கூட்டிப்போன பக்கத்து வீட்டுக்காரரும் வழியெல்லாம் அதையே சொன்னார்.

முகப்பில் இருந்த குமாஸ்தா பெயர் கேட்டார். என் வாய் திறந்தது. பதினேழு வருஷப் பழக்கம். தமயந்தி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பின்னால் பெண்கள் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. "த... த..." குமாஸ்தா எதிரே இருந்த தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். தாளில் பெயர் இருக்கத்தான் செய்தது. அவள் அதற்காக நிறுத்தவில்லை. "தமயந்தி" என்று முடித்துவிட்டு, அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

அந்த வருஷம் எடுக்கவில்லை. கதையென்றால் எடுத்திருப்பார்கள்.

அவள் அழவில்லை. மறுபடி அதே அலுவலகத்துக்குப் போய் ஏன் என்று கேட்டாள். நானும் போனேன், பேசுவதற்கில்லை, பக்கத்தில் நிற்பதற்கு. அதிகாரி தயங்கித் தயங்கி, உன் பேச்சுதான் காரணம் என்றார். அவள் மலாயில், அவளுடைய வேகத்தில் கேட்டாள்: பல்லைப் பிடுங்குவது வாயாலா, கையாலா? அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம் என்றார். கட்டாயம், என்றாள்.

நடுவில் இருந்த வருஷத்தில் ஊருக்குள் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் உதவியாளாகச் சேர்ந்தாள். சீனக் கிழவர். அங்கே அவளுக்கு முதல் வேலை, வாசலில் நின்று அடுத்தவர் பெயரைக் கூப்பிடுவது. கேட்டதும் என் கணவர் தலையில் கை வைத்தார். ஆனால் யோசித்துப் பாருங்கள். பல் வைத்தியர் அறைக்குள் போக உலகத்தில் யாருக்காவது அவசரம் உண்டா? வாசலில் ஒரு பெண் தங்கள் பெயரைச் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு அது வரம். ஒரு சீனத்தி அவளிடம், "மெதுவா கூப்பிடு பெண்ணே, என் பெயர் நீளம்" என்றாளாம். அவள் பெயர் லிம். இதைச் சொல்லிச் சொல்லி தமயந்தி சிரித்தாள். தன் திக்கலைப் பற்றி அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது நேர்முகத்தில், பயந்து அழும் பிள்ளையிடம் என்ன பேசுவாய் என்று கேட்டார்களாம். முதலில் அது பேசி முடிக்கட்டும் என்றாளாம். எடுத்துக்கொண்டார்கள். அவளை எடுத்ததற்காக அவர்களுக்கு நன்றிக் கடிதம் போடச் சொன்னார் கமலா அக்கா. எதற்கு? பிச்சையா போட்டார்கள்?

6

இனி சுருக்கம். பயிற்சி முடிந்தது. அவள் தமிழில் மலாய் கூடியது, கனவும் மலாயில் காண்பதாகச் சொன்னாள். என் எழுத்தை அவளால் கூட்டிக்கூட்டித்தான் படிக்க முடிகிறது. இந்தக் குறிப்பையும் யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். அது ஒரு வருத்தம், அதை வேறொரு நாள் வருத்தப்படுவேன். முதல் வேலை கிளந்தானில் விழுந்தது. அங்கே பேசும் மலாய் இங்குள்ள மலாய்க்காரர்களுக்கே சரியாகப் பிடிபடாது. "எ... எல்லாரும் ரெண்டு தடவை கேப்பாங்க, எல்லாரும் ரெண்டு தடவை சொல்வாங்க. எனக்கு நல்லது" என்றாள்.

போன வருஷம் இதே வாரம், மூவரும் பெரியேறி அக்கரை போனோம். பெரி கரை தட்டி இரும்புப் பலகை இறங்கும்போது ஓர் அதிர்வு உள்ளங்காலில் ஏறும். அன்று அது நெஞ்சுவரை ஏறியது. பட்டர்வொர்த் பஸ் நிலையத்தில் டிரைவர் டிக்கெட்டைப் பார்த்து, சரிபார்க்கப் பெயர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் பொறுத்தார். எனக்கு அந்த மனுஷனின் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

பெட்டியை ஏற்றிவிட்டு என் கணவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்தார். பல நாளாகச் சேர்த்த போன் காசு. அவள் கையில் வைத்து மூடினார்.

"தமா, போனதும் போன் போடு. நீ கஷ்டப்பட்டுப் பேச வேணாம்டா. காசு ஓடிரும். ரிசீவர்ல ரெண்டு தடவை தட்டு, போதும். நீதான்னு புரிஞ்சுக்குவோம். நல்லாருக்கேன்னு அர்த்தம்."

எவ்வளவு யோசித்திருக்கிறார். பெரியில் வரும்போதும் போகும்போதும் இதைத்தான் யோசித்திருப்பார். அந்த அன்பை என்னால் குறை சொல்ல முடியவில்லை. சித்தப்பாவுக்கு ஐஸ் பாக்டரி பார்த்துக்கொடுத்த அன்பும் அதேதான். நான் வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். இது அவளுக்கும் அவருக்கும் நடுவில் உள்ளது.

இன்ஜின் உறுமத் தொடங்கியது. தமயந்தி படியில் ஏறி நின்று திரும்பினாள். தாவணி இல்லை, முறுக்குவதற்கு நுனி இல்லை. சுருக்குப்பை கையில் கனத்தது. தாடை இறுகியது. பின்னால் ஏற வேண்டியவர்கள் நின்றார்கள். நாங்கள் இருவரும் நின்றோம்.

"த... தட்ட மாட்டேன்ப்பா" என்றாள். "பே... பேசுவேன். போனை வெச்சிராதீங்க."